நீரைத் தொட்டும் தொடாமலும்

80 செ.மீ. நீளமுள்ள ஒரு மாதிரிப் படகை ஏரியில் விட்டு மெல்ல ஓட்டினால், மணிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வேகம்வரை சாதுவாகப் போகும். அதற்குமேல் விசையைக் கூட்டினால் வேகம் அவ்வளவாக ஏறாது. முகம் தூக்கிக்கொள்ளும், பின்புறம் அமுங்கும், சுற்றிலும் அலை மட்டும் பெருகும். மோட்டாருக்கு வலு போதவில்லை என்று பலரும் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். ஆனால் குறை மோட்டாரில் இல்லை. நீரில் ஓடும் எந்தக் கலமும் தன் முன்முனையில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகும் வேகத்தில், படகு தான் உண்டாக்கிய அலையின் மேட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அதில் ஏறமுடியாமல் திணறுகிறது. 80 செ.மீ. படகுக்கு அந்த வேகம்தான் மணிக்கு 4 கிலோமீட்டர்.

படகின் நீளத்தையும் வேகத்தையும் அலையையும் இணைக்கும் இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1870களின் தொடக்கத்தில், டார்கீ நகரில் தன் வீட்டருகே நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மெழுகில் வார்த்த சிறு கப்பல்களை அதில் இழுத்துப் பார்த்தார். பெரிய கப்பலுக்கு நீர் எவ்வளவு தடை தரும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே சொல்லும் வழி அப்படித்தான் பிறந்தது. பிரிட்டிஷ் கடற்படை அதற்குப் பணம் கொடுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் உள்ள இழுவைத் தொட்டியும் அந்த வழியில் வந்ததுதான். மாதிரிப் படகு என்றாலே சிறுவர் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: நவீனக் கப்பல் வடிவமைப்பே மாதிரிப் படகின்மேல்தான் நிற்கிறது.

ரேடியோவில் இயங்கும் அதிவேக மின்சாரப் படகு கட்டுபவர்கள் கேட்பது 70 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் வேகம். நேர்கோட்டுச் சாதனைக்கென்றே செய்யப்பட்டவை 200-ஐயும் தாண்டியிருக்கின்றன. அலையோடு போட்டிபோட்டு இந்த வேகத்தை எட்டமுடியாது. அலையின்மேல் ஏறி, நீரைப் பிளக்காமல் அதன் மேற்பரப்பில் வழுக்கி ஓடவேண்டும். குளத்தில் ஓட்டுச்சில்லைச் சாய்வாக எறிந்தால் மூழ்காமல் தத்தித் தத்திப் போகிறதே, அதே இயற்பியல்தான் இங்கும். சற்றே சாய்ந்த அடிப்பரப்பு நீரைக் கீழே தள்ளுகிறது. நீர் அதை மேலே தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும். குறிப்பிட்ட வேகத்துக்குப் பிறகு படகின் எடையை மிதப்புவிசை தாங்குவதில்லை. இந்த விசைதான் தாங்குகிறது.

நீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு. எனவே நனையும் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் வேகத்தைத் தின்கிறது. இப்படிப் பார்த்தால் முழுக்க நீரைவிட்டு எழுந்துவிடுவதுதான் நல்லது. ஆனால் தள்ளுவதற்குப் புரொப்பெல்லருக்கு நீர் வேண்டும். திரும்புவதற்குச் சுக்கானுக்கு நீர் வேண்டும். நிலை தடுமாறாமல் இருக்க அடிப்பகுதிக்கும் கொஞ்சம் நீர் வேண்டும். உடல் நீரைவிட்டு விலகப் பார்க்கிறது, மற்றவை நீரை விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்க்கின்றன. இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பதுதான் வேகப்படகு கட்டும் வேலை முழுவதும். பெரிய மோட்டாரை வாங்கிப் பொருத்துவது அதில் மிகச் சிறிய பகுதி.

உடலின் வடிவத்திலேயே அந்தத் தீர்ப்பு தொடங்குகிறது. அடிப்பகுதி ஆங்கில வி எழுத்துப்போல் ஆழமாக இறங்கும் ஒற்றை உடல் படகு, அலையுள்ள நீரிலும் தாக்குப்பிடிக்கும். ரே ஹன்ட் வடிவமைத்த இவ்வகைப் படகான ‘மாப்பி’ 1960-இல் மயாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த கடல் பந்தயத்தைக் கொந்தளிப்பான கடலில் வென்றபிறகுதான் உலகம் இந்த வடிவத்தை ஏற்றுக்கொண்டது. இரட்டை உடல் படகு, இரு உடல்களுக்கும் நடுவே உள்ள சுரங்கம்போன்ற இடைவெளியில் காற்றை வாங்கி, அதன்மேலும் கொஞ்சம் எடையைச் சாய்த்துக்கொள்ளும். அடுத்தது ஹைட்ரோபிளேன். முன்னால் இரு பக்கமும் இரண்டு சிறு மிதவைகள், பின்னால் புரொப்பெல்லர்; ஓட்டத்தில் இந்த மூன்று புள்ளிகள்தான் நீரைத் தொடும். மிதவைகளை நீண்ட கைகளில் வெளியே தள்ளிவைத்த அவுட்ரிகர் வடிவம் இதிலும் ஒரு படி முன்னால் நிற்கிறது. மாதிரிப் படகுகளில் உச்ச வேகங்களை எட்டியவை பெரும்பாலும் அவைதான். சிற்றலை இருந்தாலே அவை தடுமாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மூன்று புள்ளி வடிவத்தின் வலிமையை உலகுக்குக் காட்டியது சியாட்டில் நகரத்து ‘ஸ்லோ-மோ-ஷன் 4’. ஸ்டான்லி சேயர்ஸ் அதன் உரிமையாளர், டெட் ஜோன்ஸ் வடிவமைப்பாளர். 1950 ஜூன் 26 அன்று வாஷிங்டன் ஏரியில் அது மணிக்கு 160.3 மைல், அதாவது 258 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. அதற்கு முந்தைய சாதனை சர் மால்கம் கேம்ப்பெல் 1939-இல் நிறுவிய 141.7 மைல். ஒரே பாய்ச்சலில் கிட்டத்தட்ட 19 மைல் கூடியதற்குக் காரணம், அந்தப் படகின் பின்புறம் நீரைத் தொடாமல் புரொப்பெல்லரின்மேல் சவாரி செய்ததுதான். புரொப்பெல்லரின் கீழ்ப்பாதி மட்டும் நீரில் இருந்தது, மேல்பாதி காற்றில் சுழன்றது. இன்றைய வேகமான மாதிரிப் படகுகளில் பெரும்பாலானவை இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன.

கடையில் வாங்கும் ஃபைபர் கிளாஸ் உடலானாலும், வீட்டில் அச்செடுத்து எபாக்சியில் வார்த்த உடலானாலும் முதலில் செய்யவேண்டியது ஒன்று: படகைக் கவிழ்த்து வைத்து, பின்பலகையிலிருந்து முன்னோக்கி ஓர் இரும்பு ஸ்கேலை அடிப்பரப்பின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். ஓட்டத்தில் நீரைத் தொடும் கடைசி மூன்றில் ஒரு பங்கு நேராக இருக்கவேண்டும். அங்கே மெல்லிய குழிவு இருந்தால் அது நீரைக் கீழே மடக்கிப் பின்புறத்தைத் தூக்கும். படகின் முன்முனையான அணியம் நீரில் குத்தும். மெல்லிய புடைப்பு இருந்தால் நீர் அதைத் தழுவி ஓடி, பின்புறத்தைக் கீழே உறிஞ்சும். அணியம் எழுந்து எழுந்து விழும். அரை மில்லிமீட்டர் வளைவுகூடப் படகின் நடத்தையை மாற்றிவிடும். பின்பலகையும் அடிப்பரப்பும் சேரும் விளிம்பு கூர்மையாக இருக்கவேண்டும். அச்சில் வார்த்த உடல்களில் அது பெரும்பாலும் மழுங்கியிருக்கும். மழுங்கிய விளிம்பை நீர் விடாமல் பற்றிக்கொண்டு மேலேறும். கூரான விளிம்பில் வெட்டிவிட்டதுபோல் பிரிந்துவிடும். எபாக்சியை வைத்து நிரப்பி, மரக்கட்டையில் சுற்றிய 400, 600 எண் நீர்த்தாளால் தேய்த்து இதைச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது போதும். மோட்டாரில் போடும் பணத்தைவிட இந்த ஒரு மாலை அதிக வேகம் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இனி புரொப்பெல்லர். வேகப்படகின் அறிவியல் அதிகம் குவிந்திருப்பது இந்த விரல்நுனி அளவுப் பொருளில்தான்.

அதற்கு இரண்டு அளவுகள்: விட்டம், பிட்ச். பிட்ச் என்பது ஒரு முழுச் சுற்றுக்குப் புரொப்பெல்லர் திருகாணிபோல் முன்னேறவேண்டிய தூரம். இத்துறையில் புகழ்பெற்ற ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ்440 என்ற எண்ணில் இரண்டும் அடங்கியிருக்கின்றன. 40 என்பது மில்லிமீட்டரில் விட்டம். முன்னால் உள்ள 4, பிட்ச் அந்த விட்டத்தைப்போல் 1.4 மடங்கு என்கிறது. அதாவது 56 மி.மீ. இப்போது கணக்கு எளிது. பிரஷ்லெஸ் மோட்டாரின்மேல் 2000 கேவி என்று எழுதியிருந்தால், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று என்று பொருள். நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம் 14.8 வோல்ட். பெருக்கினால் நிமிடத்துக்கு 29,600 சுற்று. அதை 56 மில்லிமீட்டரால் பெருக்கினால் மணிக்கு 99 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காகிதத்தில் கிடைக்கும் வேகம் இது. சுமை ஏறியதும் மோட்டாரின் சுற்று குறையும், நீரில் புரொப்பெல்லர் கொஞ்சம் வழுக்கும். இரண்டிலும் சுமார் 15 விழுக்காடு போனால் மிஞ்சுவது 72 கிலோமீட்டர். நன்றாக அமைந்த ஒற்றை உடல் படகு ஒன்றிலிருந்து எதிர்பார்க்கத்தக்க வேகம் இது.

இதைக் கேட்டதும் இன்னும் பெரிய புரொப்பெல்லர் போடலாமே என்று தோன்றும். இங்கேதான் இயற்பியல் கணக்குக் கேட்கிறது. வடிவம் மாறாமல் அளவு மட்டும் கூடினால், அதே சுற்றுக்கு அது விழுங்கும் திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 40 மி.மீ.க்குப் பதில் 42 மி.மீ. போட்டால் விட்டம் கூடியது 5 விழுக்காடுதான். திறனின் தேவையோ ஏறக்குறைய 28 விழுக்காடு கூடிவிடும். 45 மி.மீ. போட்டால் 80 விழுக்காடு. சுற்றைக் கூட்டினாலும் சும்மா விடாது, அது மூன்றாம் அடுக்கில் ஏறும். அதே மோட்டாரில் நான்கு செல்லுக்குப் பதில் ஆறு செல் பேட்டரியை மாட்டுபவர், ஒன்றரை மடங்கு சுற்றுக்கு ஆசைப்பட்டு மூன்றேகால் மடங்குக்கும் அதிகமான திறனைக் கேட்கிறார். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கருகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு மில்லிமீட்டர் என்பது இந்தத் துறையில் பெரிய தூரம்.

புரொப்பெல்லர் பாதி நீரிலும் பாதி காற்றிலும் சுழல்வது ஏன்? 40 மி.மீ. புரொப்பெல்லர் 29,600 சுற்றில் சுழன்றால் அதன் இதழ்நுனி நொடிக்கு 62 மீட்டர் வேகத்தில் நீரை வெட்டுகிறது. அந்த வேகத்தில் ஓடும் நீரின் இயக்க அழுத்தம் 19 வளிமண்டல அளவு. ஏரியின் மேற்பரப்பிலோ நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு வளிமண்டலம். எனவே இதழின் முதுகுப் பக்கத்தில் அழுத்தம் சரிந்து, நீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்து ஆவிக்குமிழாகிவிடும். குமிழ் உடையும்போது உலோகத்தை அரிக்கும். தள்ளும் விசையும் போய்விடும். நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ் தன் ‘டர்பினியா’ கப்பலில் 1890களின் நடுவில் இந்தச் சிக்கலில்தான் மாட்டினார். எந்திரம் பிரமாதமாக ஓடியது, கப்பல் போகவில்லை. கண்ணாடி வைத்த தொட்டியில் புரொப்பெல்லரைச் சுழலவிட்டுக் குமிழ்களைக் கண்ணால் பார்த்தபிறகு, ஒரே தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று புரொப்பெல்லர் என்று சுமையைப் பிரித்தார். 1897-இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் 34 நாட் வேகத்தில் அந்தக் கப்பல் எல்லாரையும் தாண்டி ஓடியது.

மாதிரிப் படகுக்காரர்கள் வேறு வழியை எடுத்தார்கள். இதழ் ஒவ்வொரு சுற்றிலும் காற்றுக்குள் போய் மீண்டும் நீரில் இறங்கும்போது தன் முதுகில் காற்றைச் சுமந்துவருகிறது. ஆவி உருவாகவேண்டிய இடத்தைக் காற்று நிரப்பிவிடுகிறது. காற்றுக் குமிழ் ஆவிக்குமிழைப்போல் வெடித்து அடங்காது. புரொப்பெல்லரின் நடுப்பகுதியும் தண்டும் நீரில் இழுபடுவதும் இதில் குறைகிறது. இதழின் வயிற்றுப் பக்கம் மட்டுமே வேலை செய்வதால், வெட்டும் விளிம்பு கத்திபோல் கூராக இருக்கவேண்டும். பந்தயப் புரொப்பெல்லர்கள் வாங்கிய நிலையில் ஓட்டத் தகுந்தவை அல்ல; தீட்டவேண்டும், பிறகு சமன்செய்யவேண்டும். நிமிடத்துக்கு 25,000 சுற்றில், மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தாலே, தண்டை ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமான விசை நொடிக்கு 400 முறைக்குமேல் சுற்றிச்சுற்றி இழுக்கும். தாங்கிகள் தேய்வதும் அடியில் ஒட்டிய பாகங்கள் பிரிவதும் அதனால்தான்.

ஓர் எச்சரிக்கை. இத்தகைய புரொப்பெல்லர்கள் பல பெரிலியம் கலந்த செம்பால் ஆனவை. அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரலில் ஆறாத நோய் வரலாம். உலர்வாக அரம் போடவே கூடாது. தண்ணீருக்குள் வைத்துத் தேய்க்கவேண்டும், முகக்கவசம் வேண்டும், தேய்த்த துணியையும் தாளையும் ஈரமாகவே சுருட்டி எறியவேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வேலையே வேண்டாம். துருப்பிடிக்காத எஃகுப் புரொப்பெல்லரை வாங்கிக்கொள்ளலாம்.

மின்சாரம், ரேடியோ, படகு மூன்றும் தொடக்கத்திலேயே ஒன்றுசேர்ந்தவை. 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டியில் கம்பியின்றி இயக்கிக் காட்டிய பேட்டரிப் படகுதான் ரேடியோவால் கட்டுப்படுத்தப்பட்ட முதல் கலங்களில் ஒன்று. அதற்கான காப்புரிமை 613,809 என்ற எண்ணில் அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று அவருக்குக் கிடைத்தது. ஆனால் அதன்பின் பல பத்தாண்டுகள் மின்சாரப் படகு மெதுவாகத்தான் போனது. ஈய பேட்டரியும் நிக்கல்-காட்மியம் செல்லும் தம் எடையைச் சுமக்கவே பாதித் திறனைச் செலவிட்டன; வேகம் எரிபொருள் எந்திரக்காரர்களின் கையில் இருந்தது. 1980களில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும் உருவாக்கிய நியோடிமியக் காந்தமும், 2000-க்குப் பிறகு பரவிய லித்தியம் பாலிமர் பேட்டரியும் அதைப் புரட்டிப்போட்டன. இன்று 36 மி.மீ. விட்டமுள்ள, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டார் 14.8 வோல்ட்டில் 100 ஆம்பியர் இழுத்து 1,480 வாட், அதாவது ஏறக்குறைய 2 குதிரைத்திறன் மின்சாரத்தை உள்வாங்குகிறது. 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் அது மூன்றே நிமிடம் தாங்கும்.

அதே திறனை ஆறு செல்லில் எடுத்தால் மின்னோட்டம் 67 ஆம்பியராகக் குறையும். கம்பியிலும் இணைப்பிலும் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். எனவே அதிக செல்லும் குறைந்த கேவியும்தான் நல்ல சேர்க்கை. ஆறு செல் வேண்டுமென்றால் மோட்டாரும் 1350 கேவி அளவுக்கு இறங்கவேண்டும். சுற்று அதே 30,000-ஐ ஒட்டி நிற்கும். பேட்டரியிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகும் கம்பியைக் கூடியவரை குட்டையாக வையுங்கள். அந்தக் கருவி நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. நீண்ட கம்பி ஒவ்வொரு வெட்டுக்கும் எதிர்த்துத் துள்ளும். அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்வது கருவியின் வாயிலில் உள்ள மின்தேக்கிகள்; அவை சூடாகிச் செத்தால் கருவியும் சாகும்.

மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைப்பது வளையும் தண்டு. எஃகுக் கம்பிகளைப் பல அடுக்காக முறுக்கிச் செய்தது. சரியான திசையில் சுழலும்போது வெளியடுக்கு இறுகும், எதிர்த்திசையில் பிரிந்துபோகும். இறுகும்போது தண்டின் நீளமும் குறையும். ஆகவே புரொப்பெல்லரைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் அதன் பின்னால் உள்ள பூட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விடவேண்டும். விடாவிட்டால், வேகம் எடுத்த கணத்தில் தண்டு சுருங்கி ஸ்ட்ரட்டைக் கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் தண்டை உருவி, துடைத்து, கிரீஸ் தடவி மாட்டவேண்டும்.

படகைக் கட்டி முடித்தபின் வருவது அதைச் சரிக்கட்டும் வேலை. பேட்டரி, மோட்டார் எல்லாவற்றோடும் படகை இரண்டு விரல்நுனியில் தூக்கிச் சமன் பார்த்தால் நிறைமையம் தெரியும். ஒற்றை உடல் படகுக்குப் பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 விழுக்காட்டை ஒட்டி அது இருக்கலாம், 80 செ.மீ. படகுக்கு 24 செ.மீ. பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்தும் வகையில் தண்டவாளம்போல் ஒரு தட்டு அமைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. முன்னால் தள்ளினால் படகு அடக்கமாக ஓடும், ஆனால் அதிகம் நனையும். பின்னால் தள்ளினால் நனைவு குறையும், வேகம் கூடும், ஆபத்தும் கூடும்.

ஸ்ட்ரட்டின் உயரமும் சாய்வும் அடுத்தவை. புரொப்பெல்லரின் மையம் அடிப்பரப்பின் மட்டத்தில், தண்டு அடிப்பரப்புக்கு இணையாக என்று தொடங்குவது வழக்கம். தண்டின் பின்முனையைக் கொஞ்சம் தாழ்த்திச் சாய்த்தால், தள்ளும் விசை முன்னோக்கியும் மேல்நோக்கியும் போகும். பின்புறம் உயரும், அணியம் அமுங்கும். உயர்த்திச் சாய்த்தால் நேரெதிர். அரை டிகிரி மாற்றமே கண்ணுக்குத் தெரியும். பின்பலகையில் இருபுறமும் உள்ள சிறு தகடுகள் அணியத்தை அமுக்க உதவும்; ஆனால் நீரில் இழுபட்டு வேகத்தைக் குறைக்கும். நிறைமையத்திலும் ஸ்ட்ரட்டிலும் தீர்க்க முடிந்ததைத் தகட்டில் தீர்க்கக் கூடாது.

படகு தன் நோயைத் தானே காட்டிக்கொடுக்கும். அணியம் சீரான தாளத்தில் எழுந்து எழுந்து விழுந்தால் எடை பின்னால் அதிகம், அல்லது அடிப்பரப்பில் புடைப்பு இருக்கிறது. இடமும் வலமும் மாறிமாறி ஆடினால் உடல் அளவுக்குமேல் எழுந்து, குறுகிய நடுக்கோட்டின்மேல் நிற்கமுடியாமல் ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்து நீரில் அடிபட்டுத் திரும்புகிறது என்று பொருள். ஸ்ட்ரட்டைச் சற்று இறக்கியோ எடையைத் தாழ்த்தி முன்னகர்த்தியோ அதை அடக்கலாம். முழு விசையில் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடினால் அது புரொப்பெல்லரின் எதிர்முறுக்கு. ஒற்றைப் புரொப்பெல்லர் படகு ஒவ்வொன்றிலும் இது உண்டு. பேட்டரியைச் சில மில்லிமீட்டர் மறுபக்கம் ஒதுக்கவேண்டும். இரண்டு மோட்டார் உள்ள படகில் புரொப்பெல்லர்களை எதிரெதிராகச் சுழலவிட்டால் முறுக்குகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். திரும்பும்போது பக்கவாட்டில் வழுக்கினால், நீரில் இறங்கிப் பிடிமானம் தரும் திருப்பத் தகடு போதவில்லை. வட அமெரிக்காவின் நாம்பா, இம்ப்பா என்ற மாதிரிப் படகுச் சங்கங்களின் நீள்வட்டப் பந்தயங்களில் கடிகாரமுள் திசையில் வலப்புறமாகவே திரும்புவதால், அங்கே அந்தத் தகடு படகின் வலப்பக்கத்தில் இருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது படகு காற்றில் எழுந்து மல்லாந்துவிடுவது. அணியம் கொஞ்சம் தூக்கியதும் அடிப்பரப்பில் காற்று அடிக்கிறது. அந்தத் தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 70-லிருந்து 100 கிலோமீட்டருக்குப் போனால் இரு மடங்கு. தூக்கத் தூக்கக் காற்று அடிக்கும் பரப்பும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் படகின் எடை தோற்றுவிடுகிறது. 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்ப்பெல் ‘புளூபேர்ட் கே7’ ஜெட் படகில் மணிக்கு 300 மைல் வேகத்தைத் தாண்டியபோது நடந்தது இதுவே. படகு எழுந்து கரணமடித்து நீரில் மோதியது, அவர் இறந்தார். 1978 அக்டோபர் 8 அன்று ஆஸ்திரேலியாவின் புளோவரிங் அணைநீரில் கென் வார்பி, தன் வீட்டு முற்றத்தில் தானே கட்டிய ‘ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா’வில் மணிக்கு 511 கிலோமீட்டர் ஓட்டி உயிரோடு திரும்பினார். அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. முறியடிக்க முயன்ற சிலரும் உயிரிழந்தார்கள் என்பதை நினைத்தால், நனையும் பரப்பைக் குறைக்கும் ஆசைக்கு எல்லை எங்கே என்பது புரியும். மாதிரிப் படகில் யாரும் உள்ளே இல்லை என்பதால்தான் அந்த எல்லையை அச்சமின்றி ஆராய முடிகிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதிவையுங்கள். சிறு ஜிபிஎஸ் கருவியைப் படகில் வைத்து, காற்றுக்கு எதிராக ஒருமுறையும் காற்றோடு ஒருமுறையும் ஓட்டிச் சராசரி எடுத்தால்தான் வேகம் உண்மையாகத் தெரியும். ஓட்டம் முடிந்ததும் மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரி மூன்றின் வெப்பத்தையும் பாருங்கள். பேட்டரி 60 டிகிரி செல்சியஸைத் தொடக் கூடாது. சாதாரண வகை நியோடிமியக் காந்தம் 80 டிகிரியிலேயே வலுவிழக்கத் தொடங்கும். சுக்கானில் உள்ள துளைவழி ஏறிக் கருவிகளைக் குளிர்வித்து வெளியேறும் நீர், படகின் பக்கத்தில் மெல்லிய தாரையாகத் தெரியவேண்டும். தாரை நின்றால் ஓட்டத்தை நிறுத்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உடனே உறிஞ்சிவிடும். ரிசீவரின் ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே, சிறு குழாயில் நிமிர்த்தி வையுங்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி ரிமோட்டை அமைத்துக் கரையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

முதன்முறை கட்டுபவருக்கு என் பரிந்துரை: 70 அல்லது 80 செ.மீ. ஒற்றை உடல், நான்கு செல், 2000 கேவி, 40 மி.மீ.க்கு மிகாத புரொப்பெல்லர். அவுட்ரிகரின் அழகில் மயங்கி அதில் தொடங்கவேண்டாம். பேட்டரியை அதற்குரிய சார்ஜரில், செல் செல்லாகச் சமன்செய்து, ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். சில நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் விடாதீர்கள். 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 2 கிலோ படகின் ஆற்றல், 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 2 கிலோ கல்லின் ஆற்றலுக்குச் சமம். பின்னால் கத்திபோன்ற இதழும் உண்டு. குளிப்பவர்களோ மீன்பிடிப்பவர்களோ நீர்ப்பறவைகளோ இருக்கும் நீரில் ஓட்டாதீர்கள்.

உடலுக்குள் மிதக்கும் ஃபோமை நிரப்பி, மூடியின் விளிம்பை டேப்பால் ஒட்டிவிட்டால் கவிழ்ந்த படகு மூழ்காது. காற்று அதை எப்படியும் ஏதோ ஒரு கரைக்குக் கொண்டுவரும். நம் ஏரிகளில் ஆகாயத்தாமரையின் வேரும் ஆழம் தெரியாத சேறும் நீச்சல் தெரிந்தவரையே இழுத்துவிடும். நின்றுபோன படகை மீட்கத் தூண்டில் கம்பும் நீண்ட நூலும் அதன் முனையில் ஒரு டென்னிஸ் பந்தும் போதும். அது முடியாவிட்டால் பரிசல்காரரைக் கூப்பிடுங்கள், அல்லது காற்று திரும்பும்வரை காத்திருங்கள். படகுக்காக நீரில் இறங்காதீர்கள். உங்கள் பிள்ளைகளையும் இறங்க விடாதீர்கள்.